முதன்முறையாகப் பிஸ்டலைப் பிரித்துத் துடைக்கிறவருக்கு

சுடப் பழகத் தொடங்கிச் சில வாரங்களே ஆன ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவரிடம் இருப்பது உரிமம் பெற்ற 9 மி.மீ. செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல். இதுவரை பயிற்சியாளரே அதைப் பிரித்துத் துடைத்துக் கொடுத்து வந்தார். இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். பிரித்தால் திரும்பச் சேர்க்க முடியுமா, எதுவரை பிரிக்கலாம், எண்ணெய் எவ்வளவு விட வேண்டும், எத்தனை நாளைக்கு ஒருமுறை துடைக்க வேண்டும் என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். முடியும். இன்றைய பிஸ்டல்களில் பெரும்பாலானவை, வழக்கமான துடைப்புக்குப் பிரிக்கும்போது நான்கு துண்டுகளாகத்தான் வரும். மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு, அதற்குள் குண்டு ஓடும் குழாயான பேரல், பேரலுக்குக் கீழே ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங், கையில் பிடிக்கும் ஃபிரேம். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகஸின் தனி. இந்த நான்கையும் தப்பாகச் சேர்ப்பதுதான் கடினம். ஒன்று சரியாக உட்காராவிட்டால் ஸ்லைடு ஏறவே ஏறாது, அல்லது முழுதாக மூடாது. ஆகவே அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். கவனம் முழுவதும் வேண்டியிருப்பது பிரிப்பதற்கு முந்தைய நிமிடத்தில். துப்பாக்கி உண்மையிலேயே காலிதானா என்பதை உறுதிசெய்வதுதான் இதில் கற்க வேண்டிய பெரிய வித்தை. அதைப் பழக்கமாக்கிக்கொண்டவருக்கு மற்றதெல்லாம் கைவேலை.

காலி செய்வதில் வரிசை முக்கியம். முதலில் மேகஸினைக் கழற்ற வேண்டும். அப்புறம்தான் ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மேகஸின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தால் சேம்பரில், அதாவது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழியில், இருந்த தோட்டா வெளியே விழும். அதைப் பார்த்ததும் மனம் "காலியாகிவிட்டது" என்று முடிவு கட்டிவிடும். ஆனால் ஸ்லைடு முன்னால் போகும்போது மேகஸினிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்துச் சேம்பருக்குள் தள்ளியிருக்கும். அதற்குப் பிறகு மேகஸினைக் கழற்றினாலும் உள்ளே ஒன்று இருக்கும். துடைக்க உட்காரும்போது எதிர்பாராமல் குண்டு வெடிப்பதற்குப் பழைய, நன்றாகத் தெரிந்த காரணங்களில் இது ஒன்று.

மேகஸின் வெளியே வந்ததும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து அப்படியே பூட்டி நிறுத்துங்கள். வெளிச்சத்தில் சேம்பருக்குள் பாருங்கள். அப்புறம் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். தோட்டாவைச் சேம்பரிலிருந்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் என்கிற சின்னக் கொக்கி உடைந்திருந்தால், ஸ்லைடை எத்தனை முறை இழுத்தாலும் தோட்டா சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்தேன், எதுவும் விழவில்லை, அதனால் காலி என்று நினைப்பது தவறு. அதற்காகத்தான் கண்ணும் விரலும். மேகஸின் போகும் குழியையும் ஒருமுறை பாருங்கள்.

காலியானதும் தோட்டாக்கள் எல்லாவற்றையும், மேகஸினில் இருப்பவற்றையும் சேர்த்து, வேறு அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். துடைக்கும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. நடுவில் போன் வந்தாலோ யாராவது கூப்பிட்டாலோ எழுந்து போக நேர்ந்தால், திரும்பி வந்ததும் மேகஸின், சேம்பர், விரல் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து பாருங்கள். கொஞ்ச நேரம் முன்னால்தானே பார்த்தோம் என்ற நினைப்பை நம்பாதீர்கள்.

இவ்வளவு வற்புறுத்த ஒரு காரணம் இருக்கிறது. கிளாக் போன்ற சில பிஸ்டல்களைப் பிரிக்க வேண்டுமென்றால் முதலில் டிரிகரை அழுத்தியாக வேண்டும். அமைப்பே அப்படித்தான். சேம்பரைப் பார்க்காமல் அந்தக் கட்டத்துக்கு வந்தவர் கையில், உள்ளே தோட்டா இருந்தால், துப்பாக்கி வெடிக்கும். ஆகவே அழுத்தும் முன் இன்னொரு முறை சேம்பரைப் பாருங்கள். துப்பாக்கியின் முனை, வெடித்தாலும் குண்டு நின்றுவிடக்கூடிய திசையில் இருக்கட்டும். மெல்லிய சுவரும் கதவும் 9 மி.மீ. குண்டை நிறுத்தாது. சுடும் இடத்தில் இதற்கென்று மணல் நிரப்பிய பெட்டி இருக்கும், அல்லது குண்டு போய்ப் புதையும் மண்மேடு இருக்கும். முதல் சில முறை அங்கேயே, தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கப் பழகுங்கள். பெரெட்டா 92, சிக் பி320 இரண்டையும் பிரிக்க டிரிகரைத் தொட வேண்டியதில்லை. பக்கவாட்டில் உள்ள நெம்புகோலைத் திருப்பினால் போதும். அதற்காகச் சேம்பர் பார்க்கும் வேலை குறைந்துவிடாது.

சரி, எதுவரை பிரிப்பது? துப்பாக்கியோடு வரும் கையேட்டில் உரிமையாளருக்கென்று சொல்லியிருக்கும் அளவுக்கு மட்டும். ஆங்கிலத்தில் ஃபீல்டு ஸ்ட்ரிப் என்பார்கள். கருவி ஏதும் இல்லாமல், அல்லது ஒரு சின்ன ஊசியை மட்டும் வைத்துக்கொண்டு செய்யக்கூடியது. அதைத் தாண்டி டிரிகர் பகுதியைக் கழற்றுவதும், ஃபிரேமில் அடித்து இறக்கியிருக்கும் பின்களைத் தட்டி எடுப்பதும் ஆர்மரர் என்கிற துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் வேலை. அங்கே உள்ள சின்ன ஸ்பிரிங் ஒன்று இடம் மாறினால் டிரிகரைத் தொடாமலே வெடிக்கக்கூடிய துப்பாக்கியாகிவிடும். ஆர்வம் இருந்தால் பின்னால் முறையாகப் படித்துக்கொள்ளலாம். முதல் வருடத்தில் வேண்டாம்.

எந்த மாடலுக்கும் அதற்கென்று ஒரு வழி உண்டு. கிளாக்கில் ஸ்லைடை நான்கு விரலால் மேலிருந்து பிடித்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பின்னால் இழுத்து, இரண்டு பக்கமும் உள்ள சின்னப் பிடிகளைக் கீழே இழுக்க வேண்டும். அதிகமாக இழுத்துவிட்டால் டிரிகர் மறுபடி முன்னால் வந்துவிடும், மறுபடி ஆரம்பிக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். 1911 மாடலில் பேரலின் முன்முனையில் இருக்கும் வளையத்துக்குக் கீழே அழுத்தப்பட்ட ஸ்பிரிங் மேல் ஒரு மூடி இருக்கும். கட்டைவிரலை எடுத்தால் அது பாய்ந்து முகத்துக்கே வரும். அதே 1911-ஐச் சேர்க்கும்போது ஸ்லைடைப் பின்னால் பூட்டி நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப்பை அலட்சியமாகத் தள்ளினால் ஃபிரேமில் வளைவாக ஒரு கீறல் விழும். விலைமதிப்புள்ள துப்பாக்கிகளிலும் அந்தக் கீறலைப் பார்க்கலாம். 1949இல் வந்த ரூகரின் .22 பிஸ்டல் வரிசையைத் திரும்பச் சேர்ப்பது அனுபவசாலிகளுக்கே எரிச்சலூட்டும் வேலையாக இருந்தது. 2016இல் வந்த மார்க் ஃபோர் மாடலில்தான் ஒரு பொத்தானை அழுத்தினால் திறந்துகொள்ளும்படி மாற்றினார்கள். உங்களுடையது எந்த வகை என்பதைப் பொறுத்து முதல் நாள் அனுபவம் ரொம்பவே வேறுபடும். பக்கத்து லேன்காரர் இரண்டு நொடியில் பிரிக்கிறாரே என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

பழகும் முறை பற்றி என் கருத்து இது. முதல் நாள் சால்வென்ட் (கரியைக் கரைக்கும் திரவம்), எண்ணெய் எதையும் திறக்காதீர்கள். வெளிர் நிறத் துணியை மேசையில் விரித்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பிரிப்பதையும் சேர்ப்பதையும் மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கழற்றியதை இடமிருந்து வலமாக அதே வரிசையில் வையுங்கள். சேர்க்கும்போது வலமிருந்து இடமாக எடுத்தால் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்பிரிங்கின் எந்த முனை எந்தப் பக்கம் இருந்தது என்பது தெரியும்படி. எங்காவது பலம் தேவைப்பட்டால் நிறுத்துங்கள். இந்த அளவுப் பிரிப்பில் சுத்தியலுக்கோ குறடுக்கோ வேலையே கிடையாது. இறுகினால் ஏதோ ஒன்று கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். புதுத் துப்பாக்கியில் கொஞ்சம் விறைப்பு இருக்கலாம், அதுகூட விரல் பலத்துக்குள் அடங்கும்.

இனி துடைப்பது. எங்கெங்கே துடைக்க வேண்டும் என்று பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு தோட்டா வெடிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. வெடித்த வேகத்தில் குண்டு முன்னால் போகிறது, ஸ்லைடு பின்னால் வருகிறது. வரும்போது எக்ஸ்ட்ராக்டர், வெடித்து முடிந்த தோட்டாவின் காலிக் கூட்டை விளிம்பில் பிடித்து இழுக்கிறது. எஜெக்டர் அதைத் தட்டி வெளியே எறிகிறது. ரீகாயில் ஸ்பிரிங் ஸ்லைடை மறுபடி முன்னால் தள்ளுகிறது. போகிற வழியில் மேகஸினின் மேல் தோட்டாவைத் தள்ளிக்கொண்டு, சாய்தளம் மாதிரி இருக்கும் ஃபீட் ராம்ப் மேல் ஏற்றி, சேம்பரில் அடைத்து மூடுகிறது. இத்தனையும் ஒரு நொடியின் சிறு பகுதியில். செமி ஆட்டோமேட்டிக் என்பதன் பொருளே இதுதான். ரிவால்வரில் விரல் செய்யும் வேலையை இங்கே வெடிப்பின் விசை செய்கிறது. அந்த விசைக்கு ஓர் அளவு உண்டு. வழியில் உராய்வு கூடினால் அது போதாமல் போகும். துப்பாக்கி பாதியில் நிற்பது அப்படித்தான்.

இப்போது கரி எங்கே படிந்தால் என்ன கெடும் என்று உங்களுக்கே தெரியும். எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் கரி நிறைந்தால் அது விளிம்பைச் சரியாகப் பிடிக்காது, காலிக் கூடு உள்ளேயே மாட்டும். ஃபீட் ராம்ப் சொரசொரவென்று இருந்தால் தோட்டா ஏறாது. சேம்பரில் அழுக்கு இருந்தால் ஸ்லைடு கடைசி மில்லிமீட்டர் மூடாது. ஸ்லைடு ஓடும் தடங்களில் காய்ந்த எண்ணெயும் கரியும் பசையாகிவிட்டால் எல்லாமே மந்தமாகும். பளபளப்புக்காகத் தேய்ப்பதைவிட இந்த நான்கு இடத்தில் நேரம் செலவிடுங்கள். பேரலின் வெளிப்புறத்தில் நிறம் மாறியிருப்பது ஒரு குறையே அல்ல.

பேரலை வெளியே எடுத்தபின், தோட்டா நுழையும் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் துடைக்க வேண்டும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போவது முன்முனையின் விளிம்பைத்தான். அங்கே கம்பி உரசித் தேய்ந்தால் குறி கெடும். பிஸ்டலில் பேரல் தனியாக வந்துவிடுவதால் இது சுலபம். சால்வென்ட் நனைத்த துணித்துண்டை ஒருமுறை செலுத்தி, சில நிமிடம் ஊற விடுங்கள். பிறகு அதே அளவுக்கான வெண்கல பிரஷ்ஷை முழுதாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வெளியே வரும்வரை தள்ளுங்கள். நடுவில் திருப்பினால் பிரஷ் முடிகள் மடிந்து சிக்கிக்கொள்ளும். பத்துப் பதினைந்து தடவை போதும். அதன்பின் துணித்துண்டுகள், ஓரளவு சுத்தமாக வரும்வரை. பால் போல வெள்ளையாக வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். துணியில் நீலப்பச்சை தெரிந்தால் அது செம்பு. குண்டின் மேலுறையிலிருந்து வருவது. செம்பை எடுக்கும் சால்வென்ட் வெண்கல பிரஷ்ஷையும் கரைக்கத் தொடங்கும். அதனால் பிரஷ்ஷிலிருந்து வரும் நிறத்தைப் பார்த்து இன்னும் செம்பு இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். அம்மோனியா கலந்த சால்வென்ட்டைப் புட்டியில் எழுதியிருக்கும் நேரத்துக்கு மேல் ஊற விடக் கூடாது, நிக்கல் முலாம் பூசிய துப்பாக்கியில் விடவே கூடாது.

ஸ்லைடின் உள்ளே, தோட்டாவின் அடி வந்து சாயும் முகப்பைப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். அப்போது ஸ்லைடின் முன்முனை கீழே பார்த்திருக்கட்டும். இல்லாவிட்டால் கரி கலந்த சால்வென்ட், தோட்டாவை இடித்து வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னின் துளைக்குள் இறங்கி, அங்கேயே காய்ந்து பசையாகும். அந்தத் துளைக்குள் எண்ணெயும் விடக் கூடாது. கிளாக் போன்றவற்றில் அந்த வழி உலர்ந்தே இருக்க வேண்டும். எஃகுக் கம்பி பிரஷ்ஷை எங்கேயும் பயன்படுத்தாதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் புதியவர்கள் எல்லோரும் ஒரே பக்கம்தான் சாய்கிறார்கள், தாராளமாக ஊற்றுவார்கள். துளிக் கணக்கில் போதும். உலோகமும் உலோகமும் உரசிப் பளபளப்பாகத் தேய்ந்திருக்கும் இடங்களைப் பாருங்கள். துப்பாக்கியே அடையாளம் காட்டும். ஸ்லைடின் தடங்களில் ஒவ்வொரு துளி, பேரலின் வெளிப்புறம் ஸ்லைடோடு உரசும் இடத்தில் ஒரு மெல்லிய பூச்சு, கிளாக்காக இருந்தால் டிரிகரோடு இணைந்த கம்பியான டிரிகர் பார், பின்னால் கனெக்டர் என்கிற சின்னத் தகட்டைத் தொடும் மூலையில் ஒரு துளி. அந்தக் கடைசித் துளியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சேம்பரும் பேரலின் உட்புறமும் சுடும் நாளில் உலர்ந்திருக்க வேண்டும். நாள்பட வைக்கப்போகும் துப்பாக்கி என்றால் துருப் பிடிக்காமலிருக்க உள்ளே மெல்லிய எண்ணெய் பூசலாம், ஆனால் அடுத்த முறை சுடும் முன் ஓர் உலர்ந்த துணியைச் செலுத்தி எடுத்துவிடுங்கள். மேகஸினுக்குள் எண்ணெய் வேண்டாம், மண்ணும் கரியும் ஒட்டிக்கொள்ளும். அதைத் திறந்து உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். அடித்தட்டை நகர்த்தும்போது ஸ்பிரிங் பாயும், கட்டைவிரலால் மூடிக்கொண்டே நகர்த்துங்கள்.

வீட்டில் எல்லாவற்றுக்கும் அடிக்கும் டபிள்யூ.டி-40 இதற்குப் போதுமா என்றும் கேட்பார்கள். அது 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்டது. மழையில் நனைந்த துப்பாக்கிக்கு முதலுதவியாக அடிக்கலாம். ஸ்லைடு தடத்தில் நிலைத்து நிற்கும் மசகாக அதை நம்ப வேண்டாம். சுத்தம், மசகு, துருக் காப்பு மூன்றும் சேர்ந்த சி.எல்.பி. எண்ணெய் ஒரு புட்டி வாங்கினால் ஆரம்பத்துக்கு வேறெதுவும் தேவைப்படாது.

துடைப்பதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வியட்நாம் போரில் எம்-16 ரைஃபிளுக்கு நேர்ந்ததைச் சொல்லலாம். 1960களின் நடுவில் அது போர்முனைக்குப் போனபோது, துடைக்கவே அவசியமில்லாத ரைஃபிள் என்ற பேச்சு இருந்தது. துடைக்கும் சாதனங்களும் பயிற்சியும் போதுமான அளவு கொடுக்கப்படவில்லை. கூடவே தோட்டாவின் மருந்தையும் மாற்றியிருந்தார்கள், சேம்பருக்குக் குரோம் பூச்சும் கிடையாது. ஈரமான காட்டில் கூடுகள் சேம்பரில் ஒட்டிக்கொண்டு ரைஃபிள்கள் நின்றன. வீரர்கள் செத்தார்கள். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று விசாரித்துக் கடுமையான அறிக்கை கொடுத்தது. சேம்பருக்குக் குரோம் பூச்சும், வீரர்களுக்குத் துடைக்கும் சாதனங்களும் பயிற்சியும் வந்தபிறகு நிலைமை சீரானது. துடைக்காததை மட்டும் அதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. ஆனால் மற்றக் குறைகளைத் தாங்கிக்கொள்ள விடாமல் செய்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்று, பழைய ராணுவக் கையிருப்புத் தோட்டாக்கள். அவற்றில் பலவற்றின் பிரைமரில், அதாவது தோட்டாவின் அடியில் முதலில் பற்றிக்கொள்ளும் சின்னக் குப்பியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது எரிந்தபின் மிஞ்சுவது ஒருவகை உப்பு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, ஓரிரு நாளிலேயே பேரலில் துருப் பிடிக்கவைக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அப்படிப்பட்ட தோட்டாவைச் சுட்டால் அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அப்புறம் எண்ணெய் பூச வேண்டும். புதிய தோட்டாக்களில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.

உங்கள் உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை யாரும் புதியவருக்கு அழுத்திச் சொல்வதில்லை. பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது, குண்டிலும் ஈயம். துடைக்கும்போது கையில் படும் கறுப்பில் அந்த ஈயம் உண்டு. சாப்பாட்டு மேசையில் துடைக்காதீர்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், துடைத்துக்கொண்டே டீ குடிக்காதீர்கள். முடித்ததும் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கை கழுவுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈயம் மிகவும் கெடுதல். அவர்கள் நடமாடும் இடத்தில் இந்த வேலையே வேண்டாம்.

நாளை ஏ.ஆர்-15 வகை ரைஃபிளுக்குப் போனால், இரண்டு பின்களை வெளியே தள்ளினால் மேல்பகுதியும் கீழ்பகுதியும் பிரிந்துவிடும். அங்கே கவனிக்க வேண்டியது, சேம்பரைப் பின்னாலிருந்து மூடிப் பூட்டும் போல்ட்டைப் பிரித்துச் சேர்க்கும்போது கேம் பின் என்கிற தடித்த பின்னை விட்டுவிடாமல் இருப்பது. அது இல்லாமலும் ரைஃபிளைச் சேர்த்துவிட முடியும், போல்ட் பூட்டாமலே வெடிக்கவும் முடியும். அப்படி வெடித்தால் ரைஃபிள் சிதறும். பிஸ்டலில் நான்கு துண்டையும் தப்பாகச் சேர்ப்பது கடினம் என்று மேலே சொன்னதை எல்லாத் துப்பாக்கிக்கும் பொருத்திக்கொள்ளாதீர்கள்.

சேர்த்து முடித்ததும் வேலை முடியவில்லை. மேகஸின் இல்லாமல், சேம்பரை இன்னொரு முறை பார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில் வைத்து ஸ்லைடைச் சில முறை இழுத்து விடுங்கள். தடையில்லாமல் ஓடி முழுதாக மூட வேண்டும். பிறகு டிரிகரை அழுத்துங்கள், ஃபயரிங் பின்னோ அதை அடிக்கும் சுத்தியோ கிளிக் என்று விழ வேண்டும். விரலை எடுக்காமல் அப்படியே அழுத்திக்கொண்டு ஸ்லைடை ஒருமுறை இழுத்து விடுங்கள். இப்போது டிரிகரை மெதுவாக விட்டால் இன்னொரு சின்னக் கிளிக் கேட்கும், மறுபடி அழுத்தினால் மறுபடி விழும். ஸ்லைடு மூடும்போதே தானாக விழுந்தால் ஏதோ கோளாறு, அந்தத் துப்பாக்கியைச் சுடக் கூடாது. சேஃப்டி இருந்தால் போட்டுவிட்டு அழுத்திப் பாருங்கள், ஒன்றும் நடக்கக் கூடாது. 1935இல் வந்த பிரவுனிங் ஹை பவர் போன்ற சில மாடல்களில் மேகஸின் இல்லாவிட்டால் டிரிகர் வேலை செய்யாது. அவற்றுக்குக் காலி மேகஸினைப் போட்டுப் பார்க்க வேண்டும். தோட்டாவின் அடி விளிம்பில் இடித்து வெடிக்கவைக்கும் .22 ரிம்ஃபயர் துப்பாக்கிகள் சிலவற்றில் வெறும் சேம்பர் மேல் டிரிகரை விடுவதே நல்லதல்ல, ஃபயரிங் பின் சேம்பரின் விளிம்பில் இடிக்கும். கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எத்தனை நாளைக்கு ஒருமுறை. நாள் கணக்கு வேண்டாம். கற்கும் காலத்தில் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் செய்யுங்கள், கை பழகுவதற்காகவே. நன்றாகச் செய்யப்பட்ட பிஸ்டல் சில நூறு தோட்டாவுக்குத் துடைக்காமலே ஓடும், ஆகவே ஒருமுறை தவறினால் பதற வேண்டாம். மழை, வியர்வை, கடற்காற்று பட்டால் மட்டும் அன்றைக்கே துடைத்துவிடுங்கள். முதன்முதலாக நீங்களே பிரித்துச் சேர்த்த பிஸ்டலோடு சுடும் இடத்துக்குப் போகும் நாளில், மேகஸினை நிரப்பாதீர்கள். முதலில் ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுடுங்கள். ஸ்லைடு பின்னால் நிற்கிறதா என்று பாருங்கள். அடுத்து இரண்டு போட்டு, ஓர் அழுத்தலுக்கு ஒன்றுதான் வெடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம்.